மயிற்பொறி முதல் புஷ்பக் வரை

தமிழ்க் காப்பியங்களுள் ஒருவர் மட்டும் ஏறிச் செல்லத்தக்க சிறு வானூர்தி ஒன்று உண்டு. எத்தனை பேர் ஏறினாலும் இடம் மிச்சமிருக்கும் புஷ்பக விமானத்தைப் போன்றதன்று அது. கருவுற்ற ஒரு பெண்ணை முற்றுகையிட்ட கோட்டையிலிருந்து வெளியேற்றுவதற்கென்றே செய்யப்பட்ட, ஒரு பயணத்தோடு வேலை முடிந்துபோன எளிய பொறி. சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தில் வரும் மயிற்பொறியைத்தான் குறிப்பிடுகிறேன்.

கதை வாசகர்கள் அறிந்ததே. ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன், விசயையின்மீது கொண்ட காதலால் ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்படைத்துவிட்டு அந்தப்புரத்தோடு அடங்கிவிடுகிறான். அரசி தீக்கனவு கண்ட பிறகே அவனுக்கு அச்சம் பிறக்கிறது. மயில் வடிவில் ஒரு பொறியைச் செய்யச் சொல்கிறான். கட்டியங்காரன் படையோடு வந்து சூழ்ந்த நாளில் விசயை அதில் ஏறித் தப்புகிறாள். சச்சந்தன் போரில் மடிகிறான்.

இப்பகுதியை நாம் அதன் அவலச்சுவைக்காகவே படித்து வந்திருக்கிறோம். திருத்தக்கதேவர் அந்தப் பொறியைப் பற்றித் தரும் செய்திகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் வேறொரு வியப்பு காத்திருக்கிறது. துணிக்கிழி, பசை, நூல், அரக்கு, மெழுகு ஆகியவற்றைக் கொண்டு ஏழு நாட்களில் அது செய்து முடிக்கப்படுகிறது. இயக்குவதற்கு ஒரே ஒரு விசை. வலப்புறம் திருகினால் மேகத்தைக் கிழித்து மேலே பறக்கும். இடப்புறம் திருகினால் கால்களைக் குவித்துத் தரையில் அமரும். அரசி அதில் சட்டென்று ஏறிப் பறந்துவிடுவதுமில்லை. மாடங்களுக்கும் சோலைகளுக்கும் அருகே சில நாட்கள் மெல்ல மெல்ல ஓட்டி, கற்பித்தபடி கற்றுக்கொள்கிறாள். இன்றைய விமானப் பயிற்சிக் கழகத்தில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இறுதிக் காட்சி. பறந்துகொண்டிருக்கையில் கட்டியங்காரனின் வெற்றி முரசு கேட்கிறது. கணவன் இறந்துவிட்டான் என்பது அந்த ஓசையிலேயே விளங்கிவிட, விசயை மெய்மறந்து சாய்கிறாள். ஓட்டுநர் மயங்கிவிட்டார், ஊர்தி வானில் இருக்கிறது. மயில் தலைகீழாகப் பாயவில்லை. மெல்ல மெல்ல இறங்கி, நகருக்கு வெளியே சுடுகாட்டில் அமர்கிறது. அங்கேதான் சீவகன் பிறக்கிறான்.

பழந்தமிழர் விமானம் ஓட்டினார்கள் என்று நிறுவ இக்கட்டுரை எழுதப்படவில்லை என்பதை இவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பாதையில் சென்றவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்பதற்கு 'வைமானிக சாஸ்திரம்' சாட்சி. பண்டை முனிவர் அருளியது என்று சொல்லப்பட்ட அந்நூல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொல்லி எழுதப்பட்டது என்பதையும், அதிலுள்ள ஊர்திகள் பறக்கக்கூடியவையல்ல என்பதையும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐவர் 1974-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். மயிற்பொறி ஒரு கவிஞனின் கற்பனை. ஆனால் ஒரு சிறு வானூர்தியிடம் மனிதன் எவற்றைக் கேட்க வேண்டும் என்பதை அக்கற்பனை மிகச் சரியாகக் கண்டிருக்கிறது. கிடைக்கும் பொருளால் செய்யத்தக்கதாக இருக்க வேண்டும். கற்பதற்கு எளிதாக இருக்க வேண்டும். ஓட்டுபவர் தவறினாலும் கொன்றுவிடக் கூடாது. கடந்த நூறாண்டுகளுக்கும் மேலாகச் சிறுவிமானங்களைக் கட்டியவர்கள் எளிமைக்கும் நுட்பத்துக்கும் இடையே ஊசலாடியதெல்லாம் இந்த மூன்றைச் சுற்றித்தான்.

சிந்தாமணியை அச்சில் ஏற்றியவர் உ.வே.சாமிநாதையர். இன்றைய திருவாரூர் மாவட்டத்திலுள்ள உத்தமதானபுரத்துக்காரர். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, 1887-இல், அவருடைய பதிப்பு வெளிவந்தது. ஐயர் கும்பகோணத்தை விட்டுச் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறியது 1903-இல். அதே ஆண்டின் டிசம்பர் மாதத்தில்தான் அமெரிக்காவில் ரைட் சகோதரர்களின் விமானம் முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பியது. மரச்சட்டம், கம்பி, பருத்தித் துணி. அரக்கும் மெழுகும் மட்டுந்தான் குறை. சில ஆண்டுகளிலேயே துணியை விறைப்பாக்கப் பூசும் ஒருவகைப் பூச்சு வழக்கத்துக்கு வந்து அக்குறையும் நீங்கிவிட்டது.

அடுத்த சில ஆண்டுகளைச் சிறுவிமானத்தின் பொற்காலம் என்றே சொல்லலாம். பிரேசில் நாட்டவரான சாந்தோஸ் துமோன் பாரிஸில் இருந்துகொண்டு 'தெமுவாசெல்' என்ற குட்டி விமானத்தைக் கட்டினார். பிரெஞ்சில் அச்சொல் இளம்பெண்ணையும் குறிக்கும், ஊசித்தட்டானையும் குறிக்கும். அதன் உடல் மூங்கில். சிறகுகளுக்குப் பட்டுத் துணி. அவர் காப்புரிமை கோரவில்லை; யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்று வரைபடங்களை விட்டுவிட்டார். 1910-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று அவற்றை அப்படியே அச்சிட்டது. 1909 ஜூலை 25-ஆம் நாள் லூயி ப்ளேரியோ 25 குதிரைத்திறன் கொண்ட சிறிய இஞ்சினுடன் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார்.

அந்தச் செய்தியின் அலை சென்னை மவுண்ட் ரோடு வரை வந்தது. அங்கே புகழ்பெற்ற உணவுவிடுதி நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் தாமும் ஒரு விமானம் கட்டத் துணிந்தார். கட்டிக் கொடுத்தது சிம்ப்சன் கம்பெனி. 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, தீவுத்திடலில் சென்னை மக்களுக்குப் பறந்தும் காட்டினார். உணவுவிடுதிக்காரர் ஒருவர் பறந்தார் என்பதைக் காட்டிலும், கட்டியவர்கள் யார் என்பதே எனக்கு வியப்பளிக்கிறது. சிம்ப்சன் 1840-இல் தொடங்கப்பட்ட கோச்சு வண்டித் தொழிற்சாலை. மரத்தை வளைக்கவும், இரும்பைப் பூட்டவும், துணியும் தோலும் இழுத்துத் தைக்கவும் தெரிந்த தொழிலாளர்கள் அங்கிருந்தார்கள். குதிரைவண்டி கட்டிய கை விமானத்தையும் கட்டிவிட்டது. உலகின் மிகப் புதிய இயந்திரம் ஒன்றைப் பெரிய ஆய்வுக்கூடம் எதுவுமில்லாத நகரத்தில் செய்ய முடிந்ததென்றால், அதற்குக் காரணம் அந்த இயந்திரம் இன்னும் தச்சனின் அறிவெல்லைக்குள் இருந்ததுதான். அந்த எல்லை எப்போது கடக்கப்பட்டது என்று ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சொல்ல முடியாது. கடக்கப்பட்டது என்பது மட்டும் உண்மை.

1925-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டி ஹாவிலண்ட் மாத் விமானங்கள் இந்தியாவின் பறக்கும் கழகங்களுக்கெல்லாம் அரிச்சுவடியாக இருந்தன. சிறகுகளை மடித்துக் கொட்டகைக்குள் தள்ளிவிடலாம். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா அதே குடும்பத்தைச் சேர்ந்த பஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் நெவில் வின்சென்ட். வானொலி இல்லை, வழிகாட்டும் கருவிகள் இல்லை. ஆற்றையும் இருப்புப்பாதையையும் பார்த்துக்கொண்டே வர வேண்டும். இதைப் படித்துவிட்டு எளிமையின் மேல் காதல் கொள்ளாதிருப்பது கடினம். நானும் அவ்வாறே இருந்திருப்பேன், ஆன்றி மிஞேவின் வரலாற்றைப் படிக்காதிருந்தால்.

மிஞே பிரான்சு நாட்டவர். விமானம் என்பது செல்வந்தர்களின் சொத்தாகிவிட்டதே என்று மனம் புழுங்கியவர். 1933-இல் அவர் வடிவமைத்த ஹெச்.எம்.14 என்ற விமானத்துக்கு 'வானத்துப் பேன்' என்று செல்லப்பெயர். பிறகு அதைக் கட்டும் முறையை நூலாகவே எழுதி வெளியிட்டார். வீட்டு முற்றத்தில், மரச்சாமான் செய்யத் தெரிந்த எவரும் கட்டலாம். மற்ற விமானங்களில் கையும் காலும் தனித்தனியே வேலை செய்ய வேண்டும். கால்மிதியும் இறகுமுனை மடிப்புகளும் பழகுபவரைக் குழப்பும். மிஞே அவற்றையெல்லாம் நீக்கிவிட்டார். ஒரே ஒரு பிடி. முன்னும் பின்னும் அசைத்தால் ஏற்ற இறக்கம். பக்கவாட்டில் அசைத்தால் திருப்பம். விசயையின் விசைக்கு இதைவிட நெருங்கிய ஒன்றை நவீன காலத்தில் காண முடியாது. பிரான்சிலும் பிரிட்டனிலும் நூற்றுக்கணக்கானோர் கட்டத் தொடங்கினார்கள்.

1935, 36 ஆண்டுகளில் அவர்கள் இறக்கத் தொடங்கினார்கள். விமானம் மூக்கைக் கவிழ்த்துப் பாயும். ஓட்டுபவர் பிடியை இழுப்பார். இழுக்க இழுக்க இன்னும் கவிழும். பிரிட்டனிலும் பிரான்சிலும் காற்றுக்குகையில் வைத்துச் சோதித்தபோதுதான் காரணம் வெளிப்பட்டது. முன்சிறகும் பின்சிறகும் நெருங்கியிருந்தமையால், ஒரு கோணத்துக்குக் கீழே கவிழ்ந்தபின் முன்சிறகை உயர்த்தினால் அதன் காற்றோட்டம் பின்சிறகையும் உந்தி உயர்த்திவிடுகிறது. மூக்கு நிமிர வழியே இல்லை. பிழை பிடியில் இல்லை, ஓட்டியவரிடமும் இல்லை. அந்த எளிய வடிவத்துக்குள்ளேயே யாருக்கும் தெரியாத ஒரு சிக்கல் குடியிருந்தது. அதைக் கண்டறியத் தச்சனின் அறிவு போதவில்லை. அரசாங்கத்தின் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியிருந்தது. மிஞே பின்னர் வடிவத்தைத் திருத்தினார். இறந்தவர்களில் பலர் அவருடைய நூலை நம்பித் தம் கையாலேயே கட்டியவர்கள் என்பதுதான் இதில் தாளமுடியாத பகுதி.

இந்தியாவுக்கு வருவோம். 1958 செப்டம்பரில் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை இருவர் அமரும் சிறுவிமானம் ஒன்றைப் பறக்கவிட்டது. எத்தனை பேரையும் ஏற்றிக்கொள்ளும் ஊர்தியின் பெயரை இருவருக்கு மேல் இடமில்லாத விமானத்துக்குச் சூட்டினார்கள்: புஷ்பக். (திருவாரூர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. எங்கள் ஊரில் விமானம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கருவறையின் மேல் நிற்பது. அது அசையாதது.) இரும்புக்குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்திய உடல், 90 குதிரைத்திறன் கான்டினென்டல் இஞ்சின். நூற்றைம்பதுக்குச் சற்று மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்டு நாட்டின் பறக்கும் கழகங்களுக்குச் சென்றன. ஒரு தலைமுறை விமானிகள் அதில்தான் எழுதப் படித்தார்கள்.

புஷ்பக்கின் இஞ்சினைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பொறிகளுக்குத் தீப்பொறி தருவது மேக்னெட்டோ. இஞ்சின் சுழலும்வரை அது தானே மின்சாரத்தை உண்டாக்கிக்கொள்ளும். பாட்டரி செத்தாலும் கவலையில்லை. அதுவும் ஒன்றுக்கு இரண்டாக இருக்கும். எரிபொருளையும் காற்றையும் கலப்பது கார்புரேட்டர். மோட்டார் சைக்கிள் மெக்கானிக்கும் அறிந்த பொருள். ஆனால் கார்புரேட்டருக்கு ஒரு தீராத நோய் உண்டு. ஈரம் மிகுந்த காற்று அதன் குறுகிய தொண்டை வழியே பாயும்போது குளிர்ந்து, உள்ளே பனிக்கட்டி படிந்து மூச்சை அடைத்துவிடும். காவிரிப் படுகையைப் போன்ற புழுக்கமான இடத்தில், வியர்வை வழியும் நாளில்கூட, இஞ்சினுக்குள் பனி பிடிக்கலாம் என்பதை முதல்முறை கேட்பவர் நம்பமாட்டார். இதற்கு மருந்து, சூடான காற்றை உள்ளே விடும் ஒரு குமிழ். அதை எப்போது இழுக்க வேண்டும் என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. விமானிக்குத் தெரிந்திருக்க வேண்டும். எளிய இயந்திரம் தன் சிக்கலில் ஒரு பகுதியை மனிதனின் தலையில் ஏற்றிவைத்திருக்கிறது. அவன் மறந்தால் இஞ்சின் நிற்கும்.

இதற்கு நேரெதிர் முனையில் நிற்பது பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகத்தின் ஹன்ஸா. நாரிழைக் கலவையால் செய்யப்பட்ட இவ்விமானம் 1993-இல் முதலில் பறந்து, 2000-இல் சான்று பெற்றது. அதன் புதிய தலைமுறை வடிவம் 2021 செப்டம்பரில் பறந்தது. 2022 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கடல்மட்டச் சோதனைகளுக்காக நம் கரைக்கே, புதுச்சேரிக்கு, வந்திருந்தது. முகப்பில் முள் அசையும் வட்டக் கருவிகளுக்குப் பதிலாகக் கண்ணாடித் திரைகள். எரிபொருளைக் கணினி அளந்து செலுத்தும் ரோட்டாக்ஸ் இஞ்சின். பனிக்கட்டித் தொல்லை ஒழிந்தது, எரிபொருள் மிச்சமாகிறது. ஆனால் கணினிக்கு மின்சாரம் வேண்டும்; மின்சாரம் நின்றால் இஞ்சினும் நிற்கும். எனவே இஞ்சினுக்குள்ளேயே இரண்டு மின்னாக்கிகள். கணினி பழுதானால்? எனவே அதற்குள்ளும் இரண்டு தடங்கள். ஒரு சிக்கலைத் தீர்க்க வந்த நுட்பம் தனக்குக் காவலாக இன்னொரு நுட்பத்தை அழைத்து வருகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. புஷ்பக்கிலும் இரண்டு மேக்னெட்டோக்கள் இருந்தனவே.

கண்ணாடித் திரைகளால் உயிர்கள் காப்பாற்றப்பட்டனவா என்ற கேள்விக்கு ஒரு விடை உண்டு. 2002 முதல் 2006 வரை தயாரிக்கப்பட்ட எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவிமானங்களின் விபத்துகளை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து 2010-இல் அறிக்கை வெளியிட்டது. திரைகள் கொண்ட விமானங்களில் மொத்த விபத்து விகிதம் குறைவு. உயிரிழப்பில் முடிந்த விபத்துகளின் விகிதம் அதிகம். மொத்தத்தில் பாதுகாப்பு கூடியதாகச் சொல்ல முடியவில்லை. அவ்விமானங்கள் நீண்ட தூரமும் மோசமான வானிலையிலும் பறந்தவை என்பதையும் வாரியம் குறிப்பிட்டது. எல்லாம் தெரிகிறது என்ற நம்பிக்கை, போகக்கூடாத மேகத்துக்குள்ளும் போகத் துணிவு தந்திருக்கலாம் என்று நான் எண்ணுகிறேன். அந்தக் கருவிகளுக்கென்று தனிப் பயிற்சி வேண்டும் என்பது வாரியத்தின் முடிவு. விசயை மாடங்களின் அருகே சில நாள் பழகியது வீணான வேலையன்று.

எளிமையின் பக்கம் நிற்பவர்கள் மறக்கக்கூடாத இன்னொரு விபத்தும் உண்டு. அமெரிக்கரான பர்ட் ரூட்டான், தனியார் வீட்டிலேயே கட்டிக்கொள்ளத்தக்க லாங்-ஈஸி என்ற விமானத்தை வடிவமைத்தார். சிறுசிறகு முன்னே இருக்கும். வேகம் குறைந்தால் அந்த முன்சிறகு முதலில் தன் தூக்குவிசையை இழக்க, மூக்கு தானாகத் தாழ்ந்து வேகம் மீளும். ஓட்டுநர் தவறினாலும் விமானம் தன்னைக் காத்துக்கொள்ளும். மிஞே தவறவிட்டதை ரூட்டான் பிடித்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். நம் தேசிய விண்வெளி ஆய்வகமும் அவ்வடிவத்தைத் தழுவி ஒரு விமானம் கட்டி 1987-இல் பறக்கவிட்டது. ஆனால் 1997 அக்டோபரில் பாடகர் ஜான் டென்வர் கலிபோர்னியாக் கடற்கரைக்கு அருகே மாண்டது ஒரு லாங்-ஈஸியில்தான். அந்தக் குறிப்பிட்ட விமானத்தைக் கட்டியவர், எரிபொருள் தொட்டியை மாற்றும் திருகை விமானியின் இடத்தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டிருந்தார். ஒரு தொட்டி தீர்ந்தபோது மற்றதற்கு மாற்ற, உடலைத் திருப்பிப் பின்னால் கைநீட்ட வேண்டும். அவ்வாறு திரும்புகையில் கால் மிதியில் அழுந்த, விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்பதே விசாரணையின் முடிவு. ஒரே ஒரு திருகு. இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

இன்னொரு பக்கம், 1998-இல் சான்று பெற்ற சிர்ரஸ் என்ற சிறுவிமானம் கண்ணாடித் திரைகளுக்குப் பெயர்போனது. ஆயினும் அதன் உண்மையான புதுமை கூரையில் இருந்த ஒரு சிவப்புப் பிடிதான். இழுத்தால் விமானம் முழுவதையும் தாங்கும் பாராசூட் விரிந்து, அது மெல்ல இறங்கும். தொடக்க ஆண்டுகளில் பலர் பிடியை இழுக்காமலேயே இறந்தார்கள்; விமானியாக இருந்துகொண்டு இழுப்பது தோல்வி என்று நினைத்திருக்க வேண்டும். தயங்காமல் இழுக்கும்படி பயிற்சியைத் திருத்தியபின்னரே நிலைமை மாறியது.

நுட்பத்துக்கும் எளிமைக்கும் ஒரே உடலில் இடம் கொடுப்பது எங்கள் ஊருக்குப் புதிதன்று. சுமார் 96 அடி உயரமுள்ள ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அதற்காக முட்டுக்கட்டை போடுகிறவர்களை யாரும் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. வீதி திரும்பும்போது, சக்கரத்தருகே குனிந்து கட்டையை எறியும் அந்தக் கைகளைப் பார்த்துத்தான் கூட்டம் இன்றும் மூச்சை அடக்குகிறது.

இன்று இப்பகுதியின் வானில் இரண்டு வகை ஊர்திகள் உண்டு. ஒன்று, 2020 ஜனவரி முதல் தஞ்சை விமானதளத்தில் இருக்கும் சுகோய் போர் விமானம். ஓசை மட்டும் நமக்கு. மற்றொன்று வயல்வரப்பிலேயே எழும்பி இறங்குவது: பத்து லிட்டர் மருந்துத் தொட்டியைச் சுமந்து நெற்பயிரின்மேல் மிதக்கும் டிரோன். பாகன் செலுத்தாத வான ஊர்தியைப் பற்றிப் புறநானூற்றில் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய முதுகண்ணன் சாத்தனார் பேசுகிறார். புண்ணியம் செய்தவர்களுக்கு மேலுலகில் கிடைப்பது. அவருடைய சோழநாட்டிலேயே அது பூச்சிமருந்து அடிக்க வரும் என்பது அவர் நினைக்காதது.

டிரோனின் உடலைப் போல எளிய வானூர்தி வேறில்லை. நான்கோ ஆறோ மோட்டார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு விசிறி. பல்சக்கரம் இல்லை, நெம்புகோல் இல்லை, மடிப்புகள் இல்லை. ஆனால் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை ஒவ்வொரு மோட்டாரின் வேகத்தையும் திருத்திக்கொண்டே இருக்கும் ஒரு சிறு மின்பலகை இல்லாவிட்டால் அது ஒரு கணமும் நிலைக்காது. மிஞே நீக்க விரும்பிய சிக்கல் முழுவதும் உள்ளங்கையளவுப் பலகைக்குள் போய் ஒடுங்கிவிட்டது. பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுப்பவர் மனம்வைத்தால் டிரோன் மோட்டாருக்கும் கட்டிவிடுவார். விசிறியை விவசாயியே மாற்றிக்கொள்வார். அந்தப் பலகையை மட்டும் அவர்களால் பிரித்துப் பார்க்க முடியாது. பழுதானால் வேறொன்று வாங்க வேண்டியதுதான். சிம்ப்சன் தொழிலாளர்கள் 1910-இல் கடக்காத எல்லை இப்போது வரப்பின்மேல் கிடக்கிறது.

ஆயினும் அந்தப் பலகைக்குள் எழுதிவைத்தவர்கள் ஒன்றை மறக்கவில்லை. இயக்குபவரின் கைக்கருவியோடு தொடர்பு அறுந்துபோனால், பெரும்பாலான டிரோன்கள் புறப்பட்ட இடத்துக்குத் தாமே திரும்பி மெல்ல இறங்கிக்கொள்கின்றன.